லக்ராஸ் ஆடும் பெண்ணுக்குக் கல்லூரி தேடுதல்: ரோஸ்டர், நேர அட்டவணை, பில்

ஒரு கல்லூரியின் லக்ராஸ் (வலை கட்டிய குச்சியால் பந்தை எறிந்து பிடித்து கோல் போடும் விளையாட்டு) அணி உங்கள் மகளுக்குச் சரிப்படுமா என்று சொல்லக்கூடிய காகிதங்கள் மூன்று: அணியின் ரோஸ்டர், அதாவது ஆட்டக்காரர் பட்டியல், அவள் படிக்க விரும்பும் துறையின் வகுப்பு அட்டவணை, எல்லா உதவியும் கழிந்து வீட்டுக்கு வரும் பில். மூன்றையும் அநேகமாக உட்கார்ந்த இடத்திலேயே இணையத்தில் பார்த்துவிடலாம். ஆனாலும் பல குடும்பங்கள் முதலில் பார்ப்பது டிவிஷன் 1 என்ற முத்திரையைத்தான். இந்த மூன்றும் கண்ணில் படும்போது கோச்சுக்கு வாய்வார்த்தையாகச் சம்மதம் சொல்லியாகியிருக்கும்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் கீழ் மட்டும் பெண்கள் லக்ராஸ் ஆடும் கல்லூரிகள் ஐந்நூற்றுக்கும் மேல் உண்டு. அவற்றில் பாதிக்கு மேல் டிவிஷன் 3. இது தவிர என்ஏஐஏ என்ற சிறிய அமைப்பின் கல்லூரிகள், இரண்டாண்டுக் கம்யூனிட்டி கல்லூரிகள், பல்கலைக்கழக கிளப் அணிகள். ஓரளவு நன்றாக ஆடும் பெண்ணுக்கு எங்காவது இடம் இருக்கும். எது அவளுக்குப் பொருந்தும் என்பதில்தான் சிக்கல்.

டிவிஷன் என்றால் என்ன, எது அல்ல

என்சிஏஏ தன் கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறது. டிவிஷன் 1இல் விளையாட்டுக்கான உதவித்தொகை உண்டு. டிவிஷன் 2இலும் உண்டு, குறைவாக. டிவிஷன் 3இல் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடத் தரக்கூடாது. படிப்புத் திறமைக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி தரலாம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் கல்லூரிகளும் டிவிஷன் 1இல் ஆடினாலும் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை.

பெயரை வைத்து ஏமாறவும் கூடாது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மற்ற விளையாட்டுகளில் டிவிஷன் 3. லக்ராஸில் மட்டும் டிவிஷன் 1, அதுவும் பிக் டென் என்ற கல்லூரி லீகில். மிடில்பரி போன்ற டிவிஷன் 3 முன்னணி அணிகளின் ஆட்டத்தை ஒரு முறை பாருங்கள். டிவிஷன் 1 வரிசையின் கடைசியில் இருக்கும் சில அணிகளைவிட அது குறைந்தது என்று சொல்ல மனம் வராது. அங்கே கடும் போட்டிக்குப் பிறகுதான் இடம் கிடைக்கும்.

டிவிஷன் 1இலும் 2இலும் சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி என்று விதி சொல்கிறது. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் கணக்கில் 3 மணி நேரமாகவே எழுதப்படும். பேருந்துப் பயணம் கணக்கில் வராது, காயத்துக்கான சிகிச்சையும் வராது. ஆகவே பிப்ரவரி முதல் மே வரை 20 என்பது நடைமுறையில் 30ஐத் தாண்டும். “வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?” என்று கோச்சைக் கேட்டால் விதிதான் பதிலாக வரும். “போன ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படிப் போனது?” என்று அணிப் பெண்ணைக் கேளுங்கள், காலை 6 மணி ஜிம்மில் தொடங்கி அவளே சொல்வாள்.

ரோஸ்டரைப் படிப்பது

கல்லூரியின் விளையாட்டுத் தளத்தில் ரோஸ்டர் பக்கத்தைத் திறங்கள். எண், பெயர், ஆடும் இடம், எத்தனையாவது ஆண்டு, உயரம், ஊர், பள்ளி. பார்க்கச் சாதாரணப் பட்டியல். இதற்கு ஓர் எக்செல் தாள் போட்டால் நிறையச் சொல்லும்.

முதலில் உங்கள் மகள் ஆடும் இடத்தில் உள்ளவர்களை எண்ணுங்கள். அவள் மிட்ஃபீல்ட் என்று வைத்துக்கொள்வோம். 38 பேரில் 13 பேர் மிட்ஃபீல்ட், அவள் சேரும் முன் அதில் 3 பேர் பட்டம் முடித்துப் போகிறார்கள், அதே ஆண்டில் சேர 5 மிட்ஃபீல்டர்கள் ஏற்கெனவே சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்றால் நெரிசல் கண்முன்னே தெரிகிறது. சம்மதம் சொன்னவர்களின் பெயர்கள், பள்ளிப் பெண்கள் ஆடும் கிளப் அணிகளின் சமூக வலைப் பக்கங்களிலேயே இருக்கும். பட்ட மேற்படிப்புக் குறி போட்ட பெயர்களையும், காயத்தால் ஓராண்டு தள்ளிப்போனவர்களையும் கவனியுங்கள். நான்காம் ஆண்டு என்று போட்டிருப்பவர் ஐந்தாம் ஆண்டும் இருக்கக்கூடும்.

அடுத்து, இதைவிட முக்கியமான ஒன்று. அதே தளத்தில் பழைய ஆண்டு ரோஸ்டரும் இருக்கும். மூன்று சீசனுக்கு முந்தைய பக்கத்துக்குப் போய் அன்று முதலாண்டாக இருந்தவர்களின் பெயரைக் குறியுங்கள். பிறகு இன்றைய பக்கத்துக்கு வந்து எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று பாருங்கள். 10 பேரில் 8 பேர் இருந்தால் நல்லது. ஒன்றிரண்டு பேர் விலகுவது எங்கும் நடப்பது. 10 பேரில் 4 பேர்தான் மிச்சம் என்றால் மற்ற 6 பேர் எங்கே போனார்கள் என்று கேட்காமல் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் வைக்காதீர்கள். இடையில் கோச் மாறியிருந்தால் அது ஒரு விளக்கம். மாறாமலே அப்படி என்றால் விளக்கம் கோச்சிடமே இருக்கிறது.

மூன்றாவதாகப் புள்ளிவிவரப் பக்கம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆடிய ஆட்டங்கள், தொடக்கத்திலேயே இறங்கிய ஆட்டங்கள் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாண்டு, இரண்டாம் ஆண்டுப் பெண்களில் எத்தனை பேர் பாதி ஆட்டங்களுக்கு மேல் இறங்கியிருக்கிறார்கள் என்று மூன்று சீசனுக்கு எண்ணுங்கள். “முதலாண்டுக்காரர்களுக்கு வாய்ப்புத் தருவோம்” என்ற பேச்சு உண்மையா என்பது அதில் தெரிந்துவிடும்.

கோலிக்கு (கோல்கீப்பர்) கணக்கு வேறு. அணியில் மூன்று நான்கு கோலிகள் இருப்பார்கள். வலைக்குள் நிற்பது ஒருவர்தான். உங்கள் மகளைவிட ஓராண்டு மூத்தவர் இப்போதே முதல் கோலியாக நின்றால் மூன்று ஆண்டு காத்திருப்பு. கோலியைத் தேடும் கல்லூரி அந்த ஆண்டில் ஒருவரைத்தான் எடுக்கும் என்பதால், அவள் விசாரிக்க வேண்டிய கல்லூரிகளின் எண்ணிக்கை மற்றவர்களைவிட இரு மடங்காவது வேண்டும்.

38 என்ற எண் சும்மா வந்ததல்ல. கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத் தீர்வுக்கு 2025 ஜூனில் நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தது. அதில் சேர்ந்த டிவிஷன் 1 கல்லூரிகளுக்கு 2025–26 முதல் பெண்கள் லக்ராஸ் ரோஸ்டரின் உச்சவரம்பு 38. முன்பு உதவித்தொகை இல்லாமல் நாற்பதாவது, நாற்பத்திரண்டாவது ஆளாக அணியில் இருந்தவர்களுக்கு அங்கே இப்போது இடமில்லை. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரியிலிருந்து வரும் இருபது, இருபத்தொரு வயது அனுபவசாலிகளும் அதே 38க்குள்தான். “நீ வா, இடம் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒரு கோச் சொன்னால், அந்த இடம் 38க்குள்ளா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று தயங்க வேண்டாம். இன்று எல்லாரும் கேட்கும் கேள்விதான்.

வகுப்பு அட்டவணை: லேப் எத்தனை மணிக்கு?

உயிரியல், வேதியியல், பொறியியல், நர்சிங் எடுக்க நினைக்கும் பெண்ணுக்கு இதுதான் பெரிய முட்டுக்கட்டை. நம் வீடுகளில் அந்தப் பாடங்கள்தான் அதிகம் என்பதால் சற்று நின்று பார்ப்போம்.

கல்லூரியின் பாட அட்டவணை பெரும்பாலும் பொதுவில் கிடைக்கும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப் என்று தேடுங்கள். செவ்வாய் மதியம் 1 முதல் 5 வரை ஒரே பிரிவு என்று இருக்கிறது, அணியின் பயிற்சி தினமும் 3 முதல் 6 வரை என்றால் செவ்வாய்தோறும் இரண்டில் ஒன்றை விட வேண்டும். காலை 8 மணிக்கோ மாலை 6 மணிக்கோ இன்னொரு லேப் பிரிவு இருந்தால் தப்பிக்கலாம். பெரிய பல்கலைக்கழகங்களில் ஏழெட்டுப் பிரிவுகள் இருக்கும், விளையாட்டு மாணவர்களுக்கு முன்கூட்டியே பதிவு செய்யும் சலுகையும் பல இடங்களில் உண்டு. சிறிய கல்லூரியில் ஒரே பிரிவுதான் இருக்கும். ஆனால் அங்கே பல கோச்கள் “லேப் இருக்கும் நாளில் தாமதமாக வா” என்று விட்டுவிடுவார்கள். இரண்டில் எது என்பதை ரோஸ்டரே காட்டும்: வீராங்கனைகளின் விவரப் பக்கங்களில் படிக்கும் துறை எழுதியிருக்கும். 38 பேரில் பொறியியல் ஒருவர்கூட இல்லை என்றால் அது தற்செயல் அல்ல. முதலாண்டில் உயிரியல் என்று போட்டவர் மூன்றாம் ஆண்டில் வேறு துறை என்று இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நர்சிங்கில் மருத்துவமனைப் பயிற்சி காலை முதல் மாலை வரை ஓடும். சீசன் வசந்த காலத்தில் என்பதால் அந்தப் பருவத்தில் வெளிநாட்டுப் படிப்புக்குப் போகவும் வாய்ப்பில்லை. இலையுதிர் பருவத்தில் போக விடுவார்களா என்பது கோச்சின் கையில்.

பணம்

பெண்கள் லக்ராஸில் முழு உதவித்தொகை அபூர்வம். டிவிஷன் 1இல் நெடுநாள் உச்சவரம்பு 12 முழு உதவித்தொகை. அதை முப்பது பேருக்குத் துண்டுதுண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். டிவிஷன் 2இல் அந்த எண் 9.9. சமரசத்தில் சேர்ந்த கல்லூரி இப்போது 38 பேருக்கும் தரலாம் என்கிறது விதி. தரலாம் என்பதற்கும் தருவதற்கும் நடுவில் கல்லூரியின் பட்ஜெட் நிற்கிறது. ஆகவே சதவீதத்தைக் கேட்டு மயங்காமல் பில்லைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு டிவிஷன் 1 தனியார் கல்லூரியின் மொத்தச் செலவு ஆண்டுக்கு 88,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கோச் 25 சதவீதம் தருகிறார்: 22,000. கையிலிருந்து 66,000. ஒரு டிவிஷன் 3 கல்லூரியில் 85,000. மதிப்பெண்ணுக்கும் வருமானத்துக்கும் சேர்த்து 45,000 தருகிறார்கள். கையிலிருந்து 40,000. நான்காண்டில் வித்தியாசம் 1,04,000 டாலர். “ஸ்காலர்ஷிப் கிடைத்தது” என்று ஊரில் சொல்லிக்கொள்ள முடிவது முதலாவதில்தான்.

இதைப் பத்தாம் வகுப்பிலேயே ஓரளவு அறியலாம். ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் இருக்கிறது. வைத்திருக்க வேண்டும் என்பது மத்திய அரசின் கட்டளை. வருமான வரிக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் பட்டியலில் உள்ள எல்லாவற்றுக்கும் போட்டுவிடலாம். வீடு, முதலீடு பற்றிக் கேட்கும் கால்குலேட்டரையே நம்புங்கள்; நாலே கேள்வியில் முடிவது பெரும்பாலும் தப்பாகவே காட்டும்.

எச்-1பி விசாவில் இருக்கும் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. எச்-4 விசாவில் இருக்கும் மகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது; கிரீன் கார்டு வந்த பிறகே அந்த வழி திறக்கும். கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து தரும் உதவிக்கு அந்தத் தடை இல்லை, விளையாட்டு உதவித்தொகையும் அதில் அடக்கம். மாநில அரசுக் கல்லூரியில் உள்மாநிலக் கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். 21 வயது ஆனதும் எச்-4 முடிந்துவிடும், அது பெரும்பாலும் மூன்றாம் நான்காம் ஆண்டு சீசன் நடுவில் வந்து நிற்கும். விளம்பர வருமானம், கல்லூரி பகிரும் வருமானம் இவற்றில் கையெழுத்துப் போடுமுன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் இருக்கக்கூடாது. விசா அனுமதிக்காத வேலையாக அது கொள்ளப்படலாம்.

காலக் கணக்கு

ஒன்பதாம் வகுப்பில் செய்ய வேண்டியது ஒன்றே: என்சிஏஏ கேட்கும் 16 அடிப்படைப் பாடங்கள் பள்ளியின் பட்டியலில் எவை என்று பார்த்து எடுக்க வேண்டும். டிவிஷன் 1க்கு அந்தப் பாடங்களில் குறைந்தபட்ச ஜிபிஏ 2.3, டிவிஷன் 2க்கு 2.2. அந்த 16இல் 10 பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன் முடித்திருக்க வேண்டும் என்பது டிவிஷன் 1 விதி. 2.3 என்பது வாசற்படி மட்டுமே. நல்ல கல்லூரி கேட்பது அதைவிட வெகு உயரம்.

பத்தாம் வகுப்பில் வீடியோவும் மின்னஞ்சலும். வீடியோ நான்கு நிமிடத்துக்குள். முதல் காட்சியில் பெயர், பள்ளி முடிக்கும் ஆண்டு, இடம், கிளப், சட்டை எண். ஒவ்வொரு துண்டிலும் பந்து வருமுன்பே அவள் எங்கே நிற்கிறாள் என்று வட்டமோ அம்போ போட்டுக் காட்டுங்கள். முதல் 30 விநாடியில் சிறந்தவை. கோல் மட்டும் அடுக்கினால் கோச் பாதியில் மூடிவிடுவார். தரையில் உருளும் பந்தை எடுப்பது, டிராவில் (ஆட்டம் தொடங்க இருவர் பந்துக்கு மோதுவது) பந்தைப் பிடிப்பது, பந்தை இழந்ததும் திரும்பி ஓடித் தடுப்பது இவற்றைத்தான் அவர் தேடுகிறார். கோலியின் வீடியோவில் தடுத்த பிறகு பந்தை வெளியே அனுப்பும் விதமும் வேண்டும், உள்ளே விட்ட கோல் இரண்டும் இருக்கட்டும். இசை வேண்டாம். வெட்டாத முழு ஆட்டம் ஒன்றின் இணைப்பும் சேருங்கள்.

மின்னஞ்சலை மகளே எழுத வேண்டும். அப்பா எழுதியது என்பது இரண்டாவது வரியில் தெரிந்துவிடும். தலைப்பு வரி இப்படி இருந்தால் போதும்: “2028, மிட்ஃபீல்ட், இடக்கை, கிளப் பெயர், எண் 14”. இடக்கை ஆட்டக்காரி என்றால் கட்டாயம் எழுதுங்கள், தேடுவார்கள். டோர்னமென்ட்டுக்கு இரண்டு வாரம் முன்பு ஒன்று, ஆட்ட அட்டவணை வந்ததும் மைதான எண், நேரத்தோடு இன்னொன்று. கல்லூரிப் பெண்கள் லக்ராஸ் கோச்களின் சங்கமான ஐடபிள்யூஎல்சிஏ நடத்தும் கோப்பைப் போட்டிகளில் ஒரே வளாகத்தில் டஜன் கணக்கான மைதானங்கள். எண் தெரியாத கோச் தேடி வரமாட்டார்.

பதில் வராது. டிவிஷன் 1 கோச் பதினொன்றாம் வகுப்பின் செப்டம்பர் 1க்கு முன் பதில் போடக்கூடாது, பேசக்கூடாது என்பது 2017இல் வந்த விதி. எட்டாவது ஒன்பதாவது படிக்கும் சிறுமிகளிடம் சம்மதம் வாங்கிக்கொண்டிருந்த பழக்கத்தை நிறுத்த இந்த விளையாட்டின் கோச்களே கேட்டு வாங்கிய விதி அது. டிவிஷன் 2க்கு அந்தத் தேதி பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15. டிவிஷன் 3 கோச் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். இடைக்காலத்தில் வரும் கேம்ப் அழைப்பை ஆர்வம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஆயிரம் பேருக்குப் போகும், அணிக்கு அது வருமானம். மகளின் எண்ணையும் பார்த்த ஆட்டத்தையும் குறிப்பிட்டு வந்தால் அது வேறு.

செப்டம்பர் 1 நள்ளிரவிலேயே சிலருக்குப் போன் அடிக்கும். அன்று அடிக்கவில்லை என்றால் அந்தக் கல்லூரியின் முதல் வரிசையில் அவள் இல்லை என்பது மட்டுமே பொருள். இரண்டு மூன்று வாரம் கழித்து அவளே கோச்சை அழைத்து, “உங்கள் 2028 பட்டியலில் என் இடத்துக்கு இன்னும் ஆள் தேவையா?” என்று கேட்கலாம். இல்லை என்ற பதிலும் நல்ல பதில்தான். ஒரு கோடைக்காலச் செலவு மிச்சம்.

டிவிஷன் 3இல் வேகம் மெதுவானது. பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் வந்த பிறகு, ஜூலையில், கோச் அவளுடைய மதிப்பெண் சான்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடப் பட்டியல், எஸ்ஏடி இருந்தால் அது, எல்லாவற்றையும் சேர்க்கை அலுவலகத்துக்குக் கொடுத்து முன்கூட்டிப் பார்க்கச் சொல்வார். இதற்கு ப்ரீ-ரீட் என்று பெயர். இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். ப்ரீ-ரீட் நன்றாக வந்தது என்றால் விண்ணப்பிக்கத் தகுதி இருக்கிறது என்று பொருள். கோச் தன் கையில் இருக்கும் சில இடங்களில் ஒன்றை அவளுக்குத் தந்து சேர்க்கை அலுவலகத்தில் பரிந்துரைப்பாரா என்பது தனிக் கேள்வி. தனியாகவே கேட்க வேண்டும். ஆம் என்றால் பதிலுக்கு அவர் எதிர்பார்ப்பது ஏர்லி டெசிஷன் விண்ணப்பம். கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய விண்ணப்பம் அது. ஆகவே நவம்பருக்கு முன் நிதி உதவி அலுவலகத்திடமிருந்தும் ஒரு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

போய்ப் பார்ப்பது

கல்லூரி செலவில் போகும் அதிகாரபூர்வ வருகை ஒரு கல்லூரிக்கு ஒன்று, அதிகபட்சம் இரண்டு இரவு. அதில் எல்லாம் அலங்கரித்தே காட்டுவார்கள். முடிந்தால் அதற்கு முன் சொந்தச் செலவில், சொல்லாமல், ஒரு ஆட்டம் பார்க்கப் போங்கள். மைதானத்தைவிட பெஞ்சைக் கவனியுங்கள். தப்புச் செய்து வெளியே வந்த பெண்ணிடம் யார் பேசுகிறார்கள்? கடைசி ஐந்து நிமிடம் அணி பத்து கோல் முன்னிலையில் இருக்கும்போது யாரை இறக்குகிறார்கள்?

அணிப் பெண்களோடு தங்கும் இரவில், போன சீசனில் அதிகம் ஆடாத ஒருத்தியிடம் பேச வேண்டும். நட்சத்திர ஆட்டக்காரி எந்தக் கல்லூரியிலும் சந்தோஷமாகத்தான் இருப்பாள். காயம் பட்டவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். முழங்கால் தசைநார் அறுந்தால் மீண்டுவர ஒன்பது மாதமாவது ஆகும் விளையாட்டு இது. பயிற்சி முடிந்து இரவு 7.30க்குப் போனால் சாப்பாட்டுக் கூடத்தில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடட்டும். சைவம் சாப்பிடுகிறவளுக்குச் சாலட்டும் ஆறிப்போன பாஸ்தாவும் மட்டும் என்றால் நான்கு வருடம் தாங்காது. வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது பேருந்தில் என்ன தருகிறார்கள் என்பதும் இதே கேள்விதான்.

சம்மதம் சொல்லுமுன்

வாய்வார்த்தைச் சம்மதம் இரு தரப்பையும் கட்டாது. பழைய நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டுவிட்டது. இப்போது கட்டுப்படுத்துவது பன்னிரண்டாம் வகுப்பு நவம்பரில் கையெழுத்தாகும் நிதி உதவி ஒப்பந்தம். அதில் பார்க்க வேண்டியவை: தொகை டாலரிலா சதவீதத்திலா (கட்டணம் ஆண்டுதோறும் ஏறும்; டாலர் ஏறாது), ஓராண்டுக்கா நான்காண்டுக்கா, படிப்புக்கான உதவியோடு சேர்த்துக் கொடுப்பார்களா, அல்லது ஒன்று வந்தால் மற்றது குறையுமா, கோடைக்கால வகுப்புக்கு உண்டா, கோச் வேலையை விட்டுப் போனால் என்ன. கடைசிக் கேள்விக்கு விடை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது: கையெழுத்து கல்லூரியோடு, கோச்சோடு அல்ல. அவர் போனாலும் பணம் தொடரும். புதியவர் அவளை ஆடவிடுவாரா என்பதற்கு எந்தக் காகிதமும் இல்லை.

கோச் ஒரு வாரத்தில் பதில் கேட்டால் இரண்டு வாரம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும். “நாளை காலைக்குள்” என்பவரிடம் என்ன அவசரம் என்று கேட்பதில் தவறில்லை.

முடிவு செய்த அன்றே மற்ற கோச்களுக்கு மகள் போன் செய்து சொல்லிவிட வேண்டும். இந்த வட்டாரம் சிறியது, இரண்டு ஆண்டு கழித்து மாற நேர்ந்தால் அதே ஆட்களிடம்தான் பேச வேண்டியிருக்கும். டிவிஷன் 1 அல்லது 2 என்றால் பன்னிரண்டாம் வகுப்பின் ஏப்ரல் 1க்குப் பிறகு என்சிஏஏ தகுதி மையத்தின் கணக்கில் நுழைந்து அமெச்சூர் தகுதிக்கான இறுதிச் சான்றைக் கேட்க வேண்டும். பள்ளி முடிந்ததும் பட்டம் பெற்ற தேதியோடு கூடிய இறுதி மதிப்பெண் சான்றைப் பள்ளி நேரடியாக அனுப்ப வேண்டும். ஜூனில் பள்ளி அலுவலகம் விடுமுறைக்கு மூடுமுன் இதைக் கேட்டு வாங்காதவர்கள், ஆகஸ்ட் கடைசியில் அணி களத்தில் இறங்கும்போது சான்றுக்காகத் தொலைபேசியோடு உட்கார்ந்திருப்பார்கள்.